என் மாமியாரின் கால்களுக்கு வேறொருவர் உரிமை கோருவது குறித்து

அனுப்புநர்:
ரத்தப் பரிசோதகர் (பதினோரு ஆண்டு அனுபவம்),
'ஊசி அக்கா' என்னும் காணொளி அலைவரிசையின் உரிமையாளர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, உள் அறை.

பெறுநர்:
இணையவழிப் பதிப்புரிமைக் குறைதீர் அலுவலர் அவர்கள்,
இரண்டாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாத பக்கம்.

பொருள்: சர்க்கரை நோய் பற்றிய பொய்யை மறுத்து நான் வெளியிட்ட காணொளி, பதிப்புரிமை மீறல் என்று கூறி நீக்கப்பட்டது – அதில் உள்ள கால்கள் எதிர்மனுதாரரின் சொத்து அல்ல என அறிவிக்கவும், காணொளியை உடனே மீட்டுத் தரவும் வேண்டுதல் – சார்பு.

பார்வை: 1. எதிர்மனுதாரர் அனுப்பிய மூன்று நோட்டீஸ்கள். 2. தங்கள் அலுவலகத்தின் படிவம் 7 (நேற்று முன்தினம் நிரப்பியது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மேசைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் பாட்டு, படம், கதை பற்றியவையாக இருக்கும் என்று அறிவேன். இது கால் பற்றியது. இரண்டு கால்கள், ஒரே ஆளுடையவை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் நேற்று முன்தினம் தங்கள் அலுவலக எழுத்தர் என் விண்ணப்பத்தைப் பாதிவரை படித்துவிட்டு, "கால்ங்கறது படத்தோட பேராம்மா?" என்று கேட்டார். இல்லை ஐயா. செருப்புப் போடுகிற கால்.

2. நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பதினொன்றரை வரை கைகள் வந்துகொண்டே இருக்கும். முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. வேலை முடிந்த பிறகு, பஞ்சும் ஊசியும் அடுக்கி வைத்திருக்கும் சாமான் அறையில் நின்று நான்கு நிமிடக் காணொளிகள் எடுப்பது என் வழக்கம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தண்ணீர் குடிக்கலாமா, மூன்று மாதச் சர்க்கரை என்றால் என்ன என்பது போன்ற விஷயங்கள். முகக்கவசமும் தலைத்தொப்பியும் அணிந்தே பேசுவேன். நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்க்கிறார்கள். அவர்களில் என் மாமியாரும் ஒருவர். ஊசி அக்கா நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

3. இதை எப்படி நம்புவது என்று தாங்கள் யோசிக்கலாம். அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் அழைப்பேன்) கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணாடி போடாமல் பார்ப்பவர். தவிர, வீட்டில் நான் நான்கு நிமிடம் தொடர்ந்து பேசி அவர் கேட்டதே கிடையாது. அவ்வளவு நீளத்துக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பலமுறை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து என் காணொளியை எனக்கே போட்டுக் காட்டியிருக்கிறார். "பாரு, அந்தப் பொண்ணு எவ்ளோ பொறுமையா சொல்லுது. நீயும் அதே வேலைதான பாக்குற?" என்பார். நானும் தலையாட்டுவேன். உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். சொன்னால் அன்றோடு பார்ப்பதை நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம். நேரில் சொன்னால் அது மருமகள் பேச்சு. கைப்பேசியில் வந்தால்தான் மருத்துவம்.

4. அத்தைக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. விருந்தாளி வந்தாலும் வீடு மாறினாலும் தவறவிட்டதில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு எதிர்மனுதாரர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். ஆளாக அல்ல, கைப்பேசி வழியாக.

5. எதிர்மனுதாரரை ஊர் உலகம் 'வாளி வாத்தியார்' என்று அழைக்கிறது. அவருடைய கண்டுபிடிப்பு பின்வருமாறு. சர்க்கரை தண்ணீரில் கரையும் பொருள். ஆகவே நீல நிற வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு கை கல்லுப்பு போட்டு, நாற்பது நிமிடம் நின்றால், உடம்பில் உள்ள சர்க்கரை உள்ளங்கால் வழியாக இறங்கித் தண்ணீரில் கரைந்துவிடும். பதினோராம் நாள் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடலாம். சிவப்பு வாளி கூடாது. ஏன் கூடாது என்று கேட்டவர்களை அவர் தமது அலைவரிசையிலிருந்து நீக்கிவிட்டார். இவற்றையெல்லாம் சொல்லும்போது வெள்ளைக் கோட்டு அணிந்திருக்கிறார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதை வாளியின் பக்கவாட்டில் வைத்து, சர்க்கரை இறங்கும் சத்தம் கேட்பதாகவும் சொல்கிறார்.

6. இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நானும் முதலில் சிரித்தேன். ஆனால் சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். கல் குத்துவது தெரியாது, கொப்பளம் வருவது தெரியாது, தண்ணீர் கொதிக்கிறதா ஆறியிருக்கிறதா என்பதும் தெரியாது. அவர்களிடம் போய்ச் சுடுதண்ணீரில் நில் என்பதும், நின்றபடியே மாத்திரையை விடு என்பதும் விளையாட்டு அல்ல. ஆகவே மறுப்புக் காணொளி எடுத்தேன்.

7. முதல் காணொளியில், வாத்தியார் வாளியில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் காட்சியை ஏழு விநாடி காட்டி, பிறகு மூன்றேமுக்கால் நிமிடம் மறுத்துப் பேசினேன். இரண்டாம் நாள் அது நீக்கப்பட்டது. அவருடைய காட்சியைத் திருடிவிட்டேனாம். மறுப்பதற்காகச் சிறிது எடுத்துக் காட்டலாம் என்று தளத்தின் விதியிலேயே இருக்கிறது. எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. முதல் எச்சரிக்கை மட்டும் வந்தது. மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் அலைவரிசையையே மூடிவிடுவார்கள் என்பது தாங்கள் அறிந்ததே.

8. சரி, அவர் முகமே வேண்டாம் என்று, இரண்டாம் காணொளியில் நான் மட்டும் நின்று பேசினேன். அதுவும் நீக்கப்பட்டது. எனக்குப் பின்னால் சாமான் அறையின் மூலையில் தரை துடைக்கும் வாளி ஒன்று இருந்திருக்கிறது. அது நீல நிறம். "எமது தனித்துவமான நீல வாளியின் உருவம் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது" என்று நோட்டீஸ். மேற்படி வாளியின் மேல் 'பெண்கள் கழிவறை – 2' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டி விளக்கம் அனுப்பினேன். எழுத்து என்னுடையதாக இருக்கலாம், நிறம் அவர்களுடையது என்று பதில் வந்தது. இரண்டாம் எச்சரிக்கை.

9. இதற்கிடையில் அத்தை வாளியில் நிற்கத் தொடங்கி முப்பது நாட்கள் கடந்திருந்தன. மாத்திரை டப்பாவைக் கீழே போடவும் மனமில்லாமல், சாப்பிடவும் மனமில்லாமல், பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டார். நான் எதைச் சொன்னாலும், "ஊசி குத்துறவளுக்கு ஊசி பத்தித்தான் தெரியும்" என்று முடித்துவிடுவார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மருத்துவமனையில் செய்முறைப் பயிற்சிக்கு வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவர் வாளியில் நிற்கும்போது பாதங்களை மட்டும் படம் எடுத்தேன். வாளியில் கால் வைக்கும் முன் விரல் நுனியில் குத்தி எடுத்த சர்க்கரை 284. நாற்பது நிமிடம் கழித்து 291. சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையை வாளித் தண்ணீரில் நனைத்துக் காட்டினேன். பட்டை நிறமே மாறவில்லை. வாளியில் சர்க்கரையும் இல்லை, உடம்பில் குறையவும் இல்லை. இதை நான்கு நிமிடத்தில் சொன்னேன். எதற்கும் முன்னெச்சரிக்கையாக, நீல வாளியின் மேல் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தேன்.

10. இங்கே நான் செய்த தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் எங்கள் பழக்கம், குழாயில் ஆள் பெயரை எழுத மாட்டோம், எண்தான். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில், அத்தையின் கால்களுக்குக் கீழே 'மாதிரி எண் 1' என்று எழுதிவிட்டேன். அந்த நேரத்தில் அது எனக்கு மரியாதையான செயலாகவே பட்டது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

11. அந்தக் காணொளியை அத்தை பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, மூன்று முறை பார்த்தார். நான் சமையலறையிலிருந்து மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கால் என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் யாருக்குமே தம் காலை எதிரே நின்று பார்க்கும் வாய்ப்பு இல்லையல்லவா? "யாரு பெத்த பொண்ணோ பாவம், கால் எப்படி ஊறிப்போய்க் கெடக்கு பாரு. வீட்ல சொல்றதுக்கு ஆள் இல்ல போல" என்று அவர் உச்சுக்கொட்டியது என் காதில் விழுந்தது. பிறகு பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஐயா, நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

12. பத்தொன்பது நாட்கள் அத்தை மாத்திரை சாப்பிட்டார். வாளி மொட்டைமாடிக்குப் போனது. அதில் துணி ஊறியது. சர்க்கரை 178-க்கு இறங்கியது. இருபதாம் நாள் காணொளி நீக்கப்பட்டது.

13. இம்முறை காரணம்: கால்கள். எதிர்மனுதாரரின் அலைவரிசையில் 'பயனாளி 212' என்ற தலைப்பில் இதே கால்கள் எனக்கு முன்பே வெளியாகியிருப்பதாகவும், ஆகவே அவை அவருடைய அசல் படைப்பு என்றும், 'மாதிரி எண் 1' என்று பெயர் மாற்றி நான் அவற்றைக் களவாடியதாகவும் நோட்டீஸ் கூறியது. போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அத்தையின் கால்கள்தான். எங்கள் வீட்டுக் கூடம், எங்கள் வீட்டுத் தரை. மேலே ஒரு ஆண் குரல், "எனக்குப் பதினோரே நாள்ல சுகர் போயிடுச்சுங்க" என்று உருக்கமாகப் பேசியது. இதை யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று எனக்குப் புரியவே இல்லை. மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டதால், என் அலைவரிசை இப்போது நூலில் தொங்குகிறது. மறுப்பு நிலுவையில் இருக்கும்வரைதான் உயிர்.

14. ஆனால் நான் மனு எழுதுவது அலைவரிசைக்காக அல்ல. அன்று மாலை அத்தை வழக்கம்போல் அந்தக் காணொளியைத் திரும்பப் பார்க்கத் திறந்தார். அந்த இடத்தில் கறுப்புக் கட்டம் ஒன்று இருந்தது. உரிமையாளரின் புகாரால் நீக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "பொய் சொல்லியிருக்கா. அதான் புடிச்சுத் தூக்கிட்டாங்க" என்றார். உரிமைப் புகார் வேறு, உண்மை பொய் வேறு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வாத்தியாருடைய வீடியோக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, இந்தப் பெண்ணுடையது மட்டும் போய்விட்டது, அப்படியென்றால் எது உண்மை என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் தங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். மறுநாள் காலை வாளி மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தது.

15. பொறுக்க முடியாமல் நான் உண்மையை உடைத்தேன். முகக்கவசமும் தொப்பியும் போட்டு அவர் முன்னால் போய் நின்று, ஊசி அக்கா நான்தான் என்றேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணு மாதிரி வேஷம் போடாத. அதுக்கும் சேத்து உன்மேல கேஸ் போட்டுடப் போறாங்க" என்றார். என் கைப்பேசியில் இருந்த மூலக் காணொளியைப் போட்டுக் காட்டினேன். என் போனில் இருப்பது நான் செய்தது, நாலு பேர் பார்க்க வெளியில் வந்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டார்.

16. வாளி திரும்பி வந்த எட்டாம் நாள், அவருடைய வலது கால் சுண்டுவிரலில் கொப்பளம் உடைந்து புண்ணாகியிருப்பதைக் கண்டேன். எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்கள் மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு, வாளியை விட வேண்டும், மாத்திரையைத் தொடங்க வேண்டும், பத்து நாள் பார்ப்போம், ஆறவில்லை என்றால் விரலைப் பற்றி வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். வீட்டுக்கு வந்த அத்தை, கட்டு நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையை அதன்மேல் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, வாளிக்குள் இறங்கினார். அந்தப் பத்து நாளில் இன்றோடு நான்கு நாட்கள் போய்விட்டன.

17. மருத்துவரைப் பார்த்து வந்த அன்றே, தளத்தின் விதிப்படி எதிர்மறுப்பு அனுப்பினேன். அது உரிமை கோரியவரின் முகவருக்கு நேராகப் போகும். சமையலறை மேடைமேல் கைப்பேசியை வைத்து அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். முன்னறையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. தற்செயல் என்று நினைத்தேன். இணைப்பு ஒன்றை விட்டுவிட்டதால் மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் 'டிங்'. மூன்றாம் முறை, வெறும் முற்றுப்புள்ளி ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். 'டிங்'. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்த முகவரின் முகவரியை அப்போதுதான் வாசித்தேன்: தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, முன் அறை.

18. எதிர்மனுதாரரின் முகவர் என் கொழுந்தனார். அதாவது என் கணவரின் தம்பி, அத்தையின் இளைய மகன், வயது முப்பத்து நான்கு. அவர் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்க்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, கேட்டவர்களுக்குப் புரிந்ததில்லை. மூன்று மாதமாக அவர் எனக்கு நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அனுப்பிவிட்டு, "அண்ணி, டீ இருக்கா?" என்று உள்ளே வந்திருக்கிறார். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

19. அவரை விசாரித்ததில் தெரியவந்த அலுவல் முறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். காலையில் தேடும் பெட்டியில் 'வாளி' என்று போடுவார். வருவது அத்தனைக்கும் பக்கத்தில் ஒரு டிக். பிறகு 'வாத்தியார்', பிறகு 'சுகர் பொய்'. ஒரு நாளைக்கு அறுபது நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது வாத்தியாரின் கட்டளை. "நான் எதையும் தொறந்து பாக்கறது இல்ல அண்ணி. பாத்துட்டிருந்தா அறுபது முடியுமா?" என்றார். இந்த முறையில் இதுவரை ஒரு பிளாஸ்டிக் கடையின் விளம்பரமும், மழையில் ஒழுகும் பள்ளிக்கூடத்தைப் பற்றிய செய்தியும், ஒரு கணக்கு வாத்தியாரின் முப்பத்திரண்டு பாடங்களும் நீக்கப்பட்டுள்ளன. ஒருமுறை வாளி வாத்தியார் தாமே வெளியிட்ட 'வாளி பொய்யா?' என்ற காணொளியையும் இவர் நீக்கிவிட்டார். அன்றைக்குச் சரியான திட்டு வாங்கியிருக்கிறார்.

20. 'பயனாளி 212' காட்சியை எடுத்தவரும் இவரே. ஊழியர்கள் ஆளுக்கு ஒரு பயனாளியின் காட்சி கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். இவர் எழுந்து வெளியே வந்திருக்கிறார். கூடத்தில் அம்மா வாளியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அங்கேயே எடுத்து அனுப்பிவிட்டார். அதன்மேல் ஆண் குரல் ஏறியதும் இவருக்குத் தெரியாது. நீக்கிய என் காணொளியில் இருப்பது அதே கால்கள் என்பதும் தெரியாது, ஏனெனில் பார்க்கவில்லை.

21. நான் அவரிடம் கோபமாகப் பேசவில்லை ஐயா. என் கைப்பேசியில் மூலக் காணொளியைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். நான்கு நிமிடமும் பார்த்தார். பிறகு எழுந்து கூடத்துக்குப் போய், அம்மாவின் காலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டு வந்தார். நீக்கியதைத் திரும்பப் பெறு என்றேன். "எனக்கு அமுக்க மட்டும்தான் பர்மிஷன் அண்ணி. எடுக்க பர்மிஷன் இல்ல" என்றார். மறுநாள் வாத்தியாரிடம் போனில் கேட்டுப் பார்த்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். அது என் அம்மாவின் கால் சார் என்று இவர் சொன்னதற்கு, நம்மிடம் அது 212-ஆம் எண் என்று பதில் வந்ததாம்.

22. எதிர்மனுதாரர் எங்கள் ஆய்வகத்துக்கு எப்போதாவது வந்திருக்கிறாரா, வந்தபோது அவர் சட்டைப் பையில் என்ன மாத்திரை அட்டை இருந்தது, ரத்தம் எடுக்கும்போது ஏன் வேறு பெயர் கொடுத்தார் என்பவற்றை என் தொழில் நெறி சொல்லவிடாது. ஆகவே சொல்லவில்லை. நான் சொன்னதாகவும் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

23. இந்நிலையில்தான் நேற்று முன்தினம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் மிக மரியாதையாக நடந்துகொண்டு படிவம் 7 கொடுத்தார். 'சர்ச்சைக்குரிய படைப்பு' என்ற இடத்தில் 'கால்கள் (இடது, வலது)' என்று எழுதினேன். 'படைப்பாளர்' என்ற இடத்தில் அத்தையின் அம்மா அப்பா. 'படைப்பாளர் உயிருடன் உள்ளாரா?' இல்லை. 'எனில் சட்டப்படியான வாரிசு?' அத்தை. 'முதலில் வெளியிடப்பட்ட இடம்?' வீட்டிலேயே பிரசவம் என்று கேள்வி. 'பின்னர் திருத்தம் ஏதும் செய்யப்பட்டதா?' இடது கணுக்காலில் ஒரு தழும்பு. எழுத்தர் எல்லாவற்றையும் படித்து, முத்திரை குத்தி, "எல்லாம் சரிம்மா. ஆனா கால் இவங்களுதுதான்னு அவங்களே கையெழுத்துப் போட்டுத் தரணும். இல்லாட்டி பாத்தவங்க யாராவது சாட்சி சொல்லணும்" என்றார். என் காணொளியில் முகம் இல்லை, பெயர் இல்லை, மாதிரி எண் 1 மட்டும்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

24. நேற்று அத்தையிடம் படிவத்தை நீட்டினேன். காணொளியில் இருப்பது உங்கள் கால்தான், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மறுபடி ஒருமுறை போட்டுக் காட்டினேன். அத்தைக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இது என் காலே இல்ல. என் கால் இவ்ளோ மோசமாவா இருக்கு?" என்றார். குனிந்து பார்க்க முயன்றார். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

25. அப்போது கொழுந்தனார் முன்னறையிலிருந்து எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் இடது காலை மடியில் எடுத்து வைத்து, கணுக்கால் தழும்பையும் கைப்பேசியில் நிறுத்திவைத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். "இது நான் சைக்கிள் பழகும்போது ஏத்துனதும்மா. உலகத்துல வேற யார் காலையாவது நான் ஏத்தியிருக்கேனா?" என்றார். அத்தை வெகுநேரம் பார்த்தார். அதே ஆளின் கால்களைக் கொழுந்தனார் சேதப்படுத்துவது இது இரண்டாம் முறை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். முதல் முறை அவருக்கு வயது ஒன்பது. பிரேக் பிடிக்கவில்லை.

26. இதற்குப் பிறகு அத்தை கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவதாக, தம் காலைத் தம்மிடம் கேட்காமல் எடுத்துப் போட்ட ஊசி அக்காமேல் புகார் கொடுக்கப் போவதாக அறிவித்தார். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பொய் சொல்லிப் படம் எடுத்தது தவறுதான். அவர் புகார் தந்தால் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள். நான் மறுக்க மாட்டேன். இந்த வழக்கில் அந்தக் கால்களைப் பற்றிப் புகார் சொல்லத் தகுதியுள்ளவர் அவர் ஒருவர்தான். இரண்டாவதாக, படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த வீடியோ திரும்ப வரட்டும். பொய்யில்லன்னு கவர்மென்டே போட்டதுன்னா மாத்திரையை எடுக்கறேன்" என்றார். வாளியை மட்டும் கொழுந்தனார் ஒளித்து வைத்துவிட்டார். இன்று காலை அத்தை துணி ஊறவைக்கும் பேசினில் நிற்கிறார்.

27. சட்டப்படி எதிர்மறுப்பின்மேல் முடிவெடுக்கப் பதினான்கு வேலை நாட்கள் ஆகும் என்று எழுத்தர் தெரிவித்தார். விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுண்டுவிரலுக்கு மிச்சம் இருப்பது ஆறு நாட்கள். அதற்குச் சனி ஞாயிறு விடுமுறையும் கிடையாது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) நீக்கப்பட்ட என் மூன்றாம் காணொளியை, விசாரணை முடியும்வரைக்காவது, உடனே மீண்டும் வெளியிட உத்தரவிட வேண்டும்.

(ஆ) ஒன்றைப் பொய் என்று மறுத்துப் பேசுபவரின் வாயை அடைக்கப் பதிப்புரிமை நோட்டீஸைப் பயன்படுத்துவோரை, குறைந்தபட்சம் தாம் நீக்கச் சொல்வது எது என்று ஒருமுறை திறந்து பார்த்ததாக உறுதிமொழி தரவைக்க வேண்டும்.

(இ) காணொளி திரும்பி வரும்போது அதன் கீழே, இது பொய்யென்று நீக்கப்பட்டதல்ல என்று ஒரே ஒரு வரி சேர்த்து, முடிந்தால் தங்கள் அலுவலக முத்திரையும் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் முத்திரைக்கு மதிப்பு அதிகம். எழுத்தைப் பெரிதாகப் போட்டால் கண்ணாடி தேட வேண்டியிருக்காது.

இந்த மனுவில் 'வாளி' என்ற சொல் பல இடங்களில் வருவதால், தேடும் பெட்டியில் சிக்கி இதுவும் நீக்கப்படலாம் என்று முகவரே எச்சரித்தார். அதனால் காகிதத்தில், கையால் எழுதி, நேரில் கொண்டுவந்திருக்கிறேன்.

நீல நிறத்தின் உரிமையை எதிர்மனுதாரரே வைத்துக்கொள்ளட்டும். வாளியையும் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கால்கள் தோன்றும் படத்தின் உரிமை யாருக்கு என்று தாங்கள் எப்படித் தீர்ப்பளித்தாலும் பணிந்து ஏற்பேன். கால்கள் மட்டும், பத்து விரல்களோடும், அத்தையிடமே இருக்கும்படி தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் ஐயா. இதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகப் படிக்கட்டிலேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
'ஊசி அக்கா'

இடம்: வீட்டுக் கூடம், பேசினுக்கு மூன்றடி தள்ளி
நாள்: வியாழக்கிழமை, பத்தில் நான்காவது நாள்

இணைப்பு: நோட்டீஸ் நகல் – 3, படிவம் 7 – 1, 'பெண்கள் கழிவறை – 2' வாளியின் புகைப்படம் – 1, அத்தையின் இடது கணுக்கால், வலது சுண்டுவிரல் புகைப்படம் – தலா 1.

சாட்சி:
மேற்படி காணொளியில் இருப்பவை என் அம்மாவின் கால்கள் என்று உறுதி கூறுகிறேன். எதிர்மனுதாரருக்காக இதுநாள்வரை ஏறக்குறைய ஏழாயிரம் நோட்டீஸ்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். இதில் மட்டும்தான் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.
(ஒப்பம்)
முகவர், முன் அறை